கடல் அழிக்கும் காலடி: ஒரு பிரெஞ்சுப் பாட்டின் கடைசி வரி பற்றிக் கேள்வி

தங்கச்சிமடம் தையல்கடை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தங்கச்சிமடத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். கடை அடைத்த பிறகு, இரண்டு வருஷமாகப் போனில் பிரெஞ்சு படிக்கிறேன். அண்ணன் குடும்பம் பாரிஸில் இருக்கிறது. அண்ணன் மகளுக்கு 14 வயது. தமிழ் பேசினால் புரிந்துகொள்வாள், திருப்பிப் பேச வராது. அவளோடு நடுவில் ஆள் இல்லாமல் பேச வேண்டும் என்றுதான் படிக்கத் தொடங்கினேன்.

போன மாதம் அவள் ஒரு பாட்டு அனுப்பினாள். பெயர் 'லே ஃபெய் மோர்த்'. செத்த இலைகள், அதாவது சருகுகள். ழாக் பிரெவேர் எழுதி, ஜோசப் கோஸ்மா இசையமைத்த பழைய பாட்டு. ஈவ் மோந்தான் பாடியதை அனுப்பியிருந்தாள். "அத்தை, இதைக் கேட்டால் உனக்கு என்ன தெரிகிறது என்று எழுது" என்று கேட்டிருக்கிறாள். பள்ளிக்கூடத்துக்காக இல்லை, அவளுக்காகவே கேட்கிறாள்.

கேட்டேன். ஒரு இருபது தடவை கேட்டிருப்பேன். முதலில் பேசுகிற மாதிரி ஆரம்பிக்கிறது. நாம் சிநேகமாக இருந்த நாட்கள், அப்போது வாழ்க்கை இன்னும் அழகு, வெயில்கூட இன்னும் சூடு என்கிறார். அப்புறம் சருகுகளை மண்வெட்டியால் அள்ளுவது வருகிறது. வடக்குக் காற்று அவற்றை மறதியின் குளிர் ராத்திரிக்குள் கொண்டுபோகிறது. காதலி பாடிய ஒரு பாட்டு அவர் நினைவுக்கு வருகிறது. நேசிப்பவர்களை வாழ்க்கை மெதுவாக, சத்தமே போடாமல் பிரித்துவிடுகிறது. கடைசியில், அதுவரை பேச்சிலேயே இல்லாத கடல் வருகிறது. பிரிந்துபோனவர்களின் காலடியை மணலில் அழிக்கிறது. பாட்டு முடிந்துவிடுகிறது.

கனவில் ஒரு இடத்தில் நிற்போம், திரும்பினால் வேறு இடமாக இருக்கும். அப்படித்தான் எனக்கு இருந்தது. மரமும் சருகுமாக இருந்த இடத்தில் கடல் எப்படி வந்தது? மறதி என்பது அவ்வளவு மென்மையாக இருக்கும்போது மண்வெட்டி எதற்கு?

இன்னொன்றும் இருக்கிறது. அதுதான் என்னைத் தூங்க விடவில்லை. பாட்டு ஓடும்போது அம்மாச்சி கடைக்குள் உட்கார்ந்து பழைய ரவிக்கை ஒன்றின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் தனுஷ்கோடியில் பிறந்தவள். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் அடித்தபோது அவளுக்கு 19 வயது. அவளுடைய அம்மாவை அந்த ராத்திரி கடல் கொண்டுபோனது. ஒரு மணல்மேட்டில் தம்பிகளைப் பிடித்துக்கொண்டு விடியும் வரை உட்கார்ந்திருந்தவள். "என்னடி பாடுறான்?" என்று கேட்டாள். கடைசி வரியைத் தமிழில் சொன்னேன். அவளுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் கடலைப் பற்றி யாரும் அழகாகப் பேச மாட்டோம். அவள் கையை நிறுத்தாமல் சொன்னாள்: "அழிச்சா நல்லதுதானடி. கெடந்தா கண்ணுல பட்டுக்கிட்டே கெடக்கும்."

அந்த வரி கொடுமையைச் சொல்கிறதா, ஆறுதலைச் சொல்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அண்ணன் மகளுக்கு இன்னும் பதில் எழுதவில்லை.

---

தொண்டி வாத்தியார் எழுதியது:

மகளே, நான் புதுச்சேரியில் பல வருஷம் பிரெஞ்சு கற்றுக்கொடுத்துவிட்டு இப்போது சொந்த ஊரில் இருக்கிறேன். மண்வெட்டியிலிருந்து தொடங்குகிறேன்.

பிரெஞ்சில் 'ஆ லா பெல்' என்றால் நேர்ப்பொருள் மண்வெட்டியால் என்பது. ஆனால் தினப்பேச்சில் அதற்கு 'ஏராளமாக' என்று அர்த்தம். நாம் 'அள்ள அள்ளக் குறையாது' என்கிறோமே, அதற்குக் கிட்டத்தில் வரும். சாதாரணமாகப் பேசும்போது அந்த மண்வெட்டி யார் கண்ணுக்கும் தெரியாது. பிரெவேர் அதன் பக்கத்தில் நிஜச் சருகைக் கொண்டுவந்து வைத்ததும் மண்வெட்டி மறுபடி நிஜமாகிவிடுகிறது. இரண்டாம் தடவை சொல்லும்போது சருகோடு நினைவுகளும் வருத்தங்களும் சேர்ந்துகொள்கின்றன. முதலில் குப்பை அள்ளிய அதே கருவியில் இப்போது ஒரு மனிதனின் ஆயுள் கிடக்கிறது.

அடுத்தது 'ஃபெய்'. இலைக்கும் அந்தச் சொல்தான், காகிதத் தாளுக்கும் அந்தச் சொல்தான். நமக்கு இதை விளக்கவே வேண்டாம். 'ஓலை' என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். பனையில் இருந்தால் ஓலை, எழுதி அனுப்பினாலும் ஓலை. 'லே ஃபெய் மோர்த்' என்பதை நான் மனதுக்குள் 'காவோலைகள்' என்றுதான் மொழிபெயர்த்துக்கொள்வேன். காய்ந்து விழுந்த பனையோலை. சருகு என்றால் கால் பட்டதும் நொறுங்கிவிடும். காவோலை அப்படியில்லை, விழும்போது ஒரு சத்தம், கிடக்கும்போது ஒரு எடை.

காலத்தையும் கவனியுங்கள். நேசித்தது இறந்தகாலத்தில் இருக்கிறது. பிரிப்பதும் அழிப்பதும் நிகழ்காலத்தில். 'அழித்தது' அல்ல, 'அழிக்கிறது'. பாட்டு முடிந்த பிறகும் அந்தக் கடல் வேலையை நிறுத்தவில்லை. அப்புறம், காலடிக்கு அந்த வரியில் வரும் சொல் 'பா'. பிரெஞ்சில் 'இல்லை' என்று சொல்லவும் இதே 'பா'தான். 'ஓர் அடிகூட நடக்கவில்லை' என்பது போன்ற வழக்கிலிருந்து அந்தக் காலடி கொஞ்சம் கொஞ்சமாக எதிர்மறைச் சொல்லாக மாறியது. பிரெவேர் அதை நினைத்து எழுதினார் என்று சொல்ல வரவில்லை. எனக்கு ஒவ்வொரு தடவையும் இரண்டும் சேர்ந்துதான் கேட்கிறது.

இன்னொன்று, அந்தக் காதலர்கள் செத்துப்போனவர்கள் என்று பாட்டு சொல்லவில்லை. 'தேசூனி', சேர்ந்திருந்து பிரிந்தவர்கள். உங்கள் அம்மாச்சி சொன்னதை யோசிக்கும்போது இது முக்கியம் என்று படுகிறது.

---

கீழக்கரையான் எழுதியது:

தங்கச்சி, நான் பாரிஸில் லா ஷப்பெல் பக்கம் மளிகைக் கடையில் வேலை பார்க்கிறேன். உங்கள் பாட்டுக்கும் இந்த இடத்துக்கும் சொந்தம் உண்டு. இது 1946-ல் வந்த மர்செல் கார்னேயின் 'இரவின் கதவுகள்' படத்தில் வந்த பாட்டு. கதை நடப்பது பார்பெஸ் மெட்ரோ நிலையத்தைச் சுற்றி. எங்கள் லா ஷப்பெலுக்கு அடுத்த நிலையம் அது. படத்துக்காக அந்த நிலையத்தை ஸ்டுடியோவுக்குள் அப்படியே கட்டினார்கள். 1945 பிப்ரவரி, ஜெர்மன் படை பாரிஸை விட்டுப் போய் ஆறே மாதம், குளிர், சாப்பாட்டுத் தட்டுப்பாடு. ஒரே ஒரு ராத்திரியின் கதை. நான்தான் விதி என்று சொல்லிக்கொண்டு ஒரு நாடோடி திரிவான், இந்த மெட்டை மவுத் ஆர்கனில் வாசிப்பான். கனவு மாதிரி இருக்கிறது என்றீர்களே, படமே அப்படித்தான்.

கோஸ்மா புடாபெஸ்டில் பிறந்த யூதர். ஜெர்மன்காரர்கள் பிரான்ஸைப் பிடித்து வைத்திருந்தபோது சொந்தப் பெயரில் வேலை செய்ய முடியாமல் மறைந்திருந்தார். 1945-ல் ரோலான் பெத்தியின் நாட்டிய நாடகம் ஒன்றுக்குப் போட்ட மெட்டு இது. சொல் அப்புறம்தான் வந்தது. ஆக, பிரெவேர் எழுத உட்கார்ந்தபோது அந்த துக்கம் முன்பே அங்கே இருந்தது.

மண்வெட்டி பற்றி இங்கே பார்த்ததைச் சொல்கிறேன். நம் ஊரில் மாசி, பங்குனியில் வேப்பஞ்சருகு விழும். காய்ந்து கிடக்கும், விளக்குமாறு போதும். இங்கே இலை விழுவதும் மழையும் ஒன்றாக வரும். அகலமான இலைகள், நனைந்து தரையோடு தரையாக ஒட்டிக்கொள்ளும். கூட்டினால் வராது, அள்ளத்தான் வேண்டும். காலையில் கடை திறக்கும்போது வாசலில் நானே அள்ளியிருக்கிறேன்.

கடல் விஷயத்துக்கு வருகிறேன். பாரிஸில் கடல் கிடையாது, அதனால் அது நினைவிலிருந்துதான் வர முடியும். ஆனால் இந்த ஊர்க்காரர்கள் மனதில் இருக்கும் கடல் நம் கடல் இல்லை. ஒருமுறை வடக்குக் கரையில் மோன் சேன் மிஷேலுக்குப் போனேன். கடலைக் காணோம். கண்ணுக்கெட்டிய தூரம் ஈர மணல், ஜனங்கள் அதில் நடந்துகொண்டிருக்கிறார்கள். சில மணி நேரத்தில் தண்ணீர் திரும்பி வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. பெரிய ஏற்றம் வரும் நாட்களில் வற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் 13, 14 மீட்டர் வரை வித்தியாசம் இருக்குமாம். தினம் இரண்டு தடவை. பிரெவேர் தன் கடைசி வருஷங்களைக் கழித்ததும், 1977-ல் இறந்து அடக்கமானதும் அந்த நார்மண்டிக் கரையில், ஓமோன்வில் லா பெத்தீத் என்ற சின்ன ஊரில்தான். அந்தக் கடல் யார் மேலும் கோபப்பட்டு அழிப்பதில்லை. அதற்கு நேரமாகிவிட்டது, வருகிறது.

---

பாம்பன் வள்ளக்காரன் எழுதியது:

எனக்குப் பிரெஞ்சு தெரியாது. பாட்டைக் கேட்டேன், மெட்டு நெஞ்சைப் பிடிக்கிறது. கடல் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அக்கா, உங்களுக்குத் தெரியாதது இல்லை. நமக்கு ஒரு கடல் இல்லை, இரண்டு. தெற்கே ஆண்கடல், வடக்கே பெண்கடல். தனுஷ்கோடியில் நடுவில் நின்றால் ஒரு காதில் இரைச்சல், இன்னொரு காதில் ஒன்றுமே கேட்காது. ஆண்கடல் கரையில் காலடி வைத்தால் அடுத்த அலையிலேயே இடத்தோடு பறித்துக்கொண்டு போய்விடும், குழிதான் மிஞ்சும். பெண்கடலில் தண்ணீர் வந்து தொடும், போகும். முதலில் விரல்தடம் மங்கும். அப்புறம் ஓரம் சரியும். குதிகால் பள்ளம் மட்டும் கொஞ்ச நேரம் தண்ணீரோடு நிற்கும். அப்புறம் அதுவும் இருக்காது. எப்போது போனது என்று பார்த்துக்கொண்டே இருந்தாலும் சொல்ல முடியாது. சத்தமே போடாமல் பிரிக்கும் என்று பாட்டில் வருகிறது என்றீர்கள். அப்படியானால் அது பெண்கடல்.

ஆனால் ஒன்று. வடக்குக் காற்று என்றால் நமக்கு வாடை. வாடை கிளம்பினால் குணம் மாறிவிடும், பெண்கடல்தான் அடிக்கும், ஆண்கடல் படுத்துக் கிடக்கும். கச்சான் காற்று வந்தால் திரும்ப மாறும். அந்தப் புயலும் வாடைக் காலத்தில்தான் வந்தது. பாட்டில் வடக்குக் காற்றும் இருக்கிறது, சாந்தமான கடலும் இருக்கிறது என்றால், காற்று அடித்து ஓய்ந்து ரொம்ப நாள் கழித்து அந்த ஆள் கரைக்கு வந்திருக்கிறார்.

---

தங்கச்சிமடம் தையல்கடை எழுதியது:

தம்பி, இதை வாசித்துவிட்டுக் கடையைக் கொஞ்ச நேரம் சாத்தி வைத்தேன். காற்று ஓய்ந்த பிறகு வந்திருக்கிறார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கீழக்கரைக் காக்கா, நீங்கள் சொன்ன ஈரச் சருகை அண்ணனிடம் கேட்டேன், அப்படியேதான் என்றான். ஐயா, உங்கள் 'ஓலை' என் மனதில் நிற்கிறது. அம்மாச்சியிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

---

தேவிபட்டினம் தமிழாசிரியை எழுதியது:

வாடை என்று பேச்சு வந்ததால் நானும் சேர்ந்துகொள்கிறேன். நம் இலக்கியத்தில் வாடை பிரிந்தவர்களின் காற்று. நெடுநல்வாடையில் அரசன் பாசறையில், அரசி அரண்மனையில். ஊரையே நடுங்க வைத்துக்கொண்டு நடுவில் அந்தக் காற்று அலைகிறது. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நம் வாடை மறக்க விடாது. பிரெவேரின் வடக்குக் காற்று நினைவைத் தூக்கிக்கொண்டு மறதிக்குள் போகிறது. அந்த இடத்தில் பாட்டு எனக்கு அந்நியமாக இருந்தது.

கடைசி வரிக்கு வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இது நம் சிலப்பதிகாரத்தில் இருக்கிறது! கானல்வரியை எடுத்துப் பாருங்கள். புகார்க் கடற்கரை. கோவலன் பாடிய பிறகு மாதவி யாழை வாங்கிப் பாடுகிறாள். அவள் பாட்டில் வரும் பெண் கடலைப் பார்த்துச் சொல்கிறாள், என் காதலனின் தேர்ச் சக்கரம் போன தடத்தைச் சிதைத்துவிட்டாயே என்று. சோலையையும் அன்னத்தையும் துறையையும் கூப்பிட்டு, இது தகாது என்று நீங்களாவது இந்த ஓதத்திடம் சொல்லக்கூடாதா என்று கேட்கிறாள். மணல், கடல், போனவனின் தடம். ஒன்று சக்கரத் தடம், ஒன்று காலடி. அவ்வளவுதான் வேறுபாடு.

பாடியவர்களுக்கு என்ன ஆனது என்பது நமக்குத் தெரியும். அந்தப் பாட்டுகளைக் கேட்டு, அவள் மனம் வேறு ஒருவனிடம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு கோவலன் எழுந்து போய்விடுகிறான். சண்டை இல்லை, ஒரு கடுஞ்சொல் இல்லை. சத்தமில்லாமல் பிரிந்தது என்றால் அதுதான்.

உங்கள் கேள்வி, கொடுமையா ஆறுதலா என்பது. மாதவியின் வரி இது: "ஊர்ந்த வழிசிதைய ஊர்ந்தாய் வாழி கடலோதம்." திட்டுகிறாள், அதே மூச்சில் 'வாழி' என்கிறாள். அந்த 'வாழி'யை வெறும் அசைச்சொல் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. நான் வகுப்பில் ஒருநாளும் அப்படி ஒதுக்கியதில்லை. தடத்தை அழித்த கடலைப் பார்த்து, நல்லா இரு என்று ஒரு பெண்ணால் சொல்ல முடிகிறது. உங்கள் அம்மாச்சி சொன்னதை வாசித்ததும் இந்த வரிதான் என் காதில் விழுந்தது.

---

தங்கச்சிமடம் தையல்கடை எழுதியது:

கேட்டேன்.

தொண்டி ஐயா ஓலை, தாள், கடிதம் என்று எழுதியபோது எனக்கு ஒரு பழைய ஞாபகம் வந்தது. சின்ன வயதில் அம்மாச்சி யாரிடமோ, "எனக்கும் தலைமன்னாருலேர்ந்து காயிதம் வந்துச்சு ஒரு காலத்துல" என்று சொன்னதைக் கேட்டிருக்கிறேன். யார் போட்டது என்று யாரும் கேட்டதில்லை. நேற்றுக் கேட்டேன்.

ஒருவர் இருந்திருக்கிறார். தனுஷ்கோடிக்காரர். அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போய்க்கொண்டிருந்த காலம். அக்கரையில் துறையில் சுமை தூக்கப் போனார். மாசத்துக்கு ஒரு கடிதம் வரும். அம்மாச்சிக்கு வாசிக்கத் தெரியாது, ரயில் நிலையத்தில் வேலை பார்த்த ஒருவரின் மனைவி வாசித்துக் காட்டுவாராம். புயல் ராத்திரியில் வீட்டோடு அந்தக் கடிதங்களும் போயின. அதற்குப் பிறகு கடிதம் வரவில்லை. "எப்படிடி வரும்? விலாசம் எழுத ஊரு இல்லையே" என்றாள். அவர் இருந்தாரா, தேடினாரா, இவளும் செத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டாரா, எதுவும் தெரியாது. சண்டை போட்டுப் பிரியவில்லை, சொல்லிக்கொண்டும் பிரியவில்லை. இரண்டு வருஷம் கழித்துத் தங்கச்சிமடத்தில் தாத்தாவுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். தாத்தாவோடு நன்றாகத்தான் வாழ்ந்தாள்.

இத்தனை வருஷமாக நான் புயலைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் அன்றைக்குப் பதில் சொன்னது புயலுக்கு இல்லை.

"தேடிப் போகணும்னு தோணலையா?" என்றேன். கல்யாணம் ஆன புதிதில் தாத்தாவோடு ஒருமுறை தனுஷ்கோடிக்குப் போனாளாம். வடகரையில் நடந்திருக்கிறார்கள். திரும்பிப் பார்த்தால் தாத்தாவின் காலடி, இவளுடைய காலடி, இரண்டும் தெரிந்தன. முன்பு இதே கரையில் வேறு இரண்டு காலடி இருந்தது, அதுவும் கிடந்திருந்தால் நான் எங்கே கால் வைத்திருப்பேன் என்று கேட்டாள். எனக்குப் பேச்சு வரவில்லை. அவள் பாட்டை இன்னொரு தடவை போடச் சொன்னாள். பாடியவர் இருக்கிறாரா என்று கேட்டாள். 1991-ல் இறந்துவிட்டார் என்றேன். "நல்ல குரலு" என்று சொல்லிவிட்டு ரவிக்கையை எடுத்துக்கொண்டாள்.

டீச்சர், 'வாழி கடலோதம்' என்பதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அண்ணன் மகளுக்குப் பதில் எழுதத் தொடங்கிவிட்டேன். மண்வெட்டியும் ஈரச் சருகும் பெண்கடலும் பிரெஞ்சில் எப்படியோ வந்துவிட்டன. அம்மாச்சி கதையையும் எழுதினேன், அவள் சம்மதம் கேட்டுத்தான். 'வாழி' மட்டும் வரவில்லை. அகராதியில் பார்த்து நாலு சொல் போட்டுப் பார்த்தேன், எல்லாம் கோயிலில் ஆசீர்வாதம் கொடுக்கிற மாதிரி இருக்கிறது. ஐயா, அதற்குப் பிரெஞ்சில் என்ன எழுதுவது?

---

தொண்டி வாத்தியார் எழுதியது:

காலையிலிருந்து நானும் இரண்டு மூன்று சொல் எழுதிப் பார்த்தேன் மகளே. ஒன்றிலும் கோபமும் வாழ்த்தும் சேர்ந்து நிற்கவில்லை. அந்த ஒரு சொல்லைத் தமிழ் எழுத்திலேயே விட்டுவிடுங்கள். என்ன என்று அவள் உங்களுக்குப் போன் போட்டுக் கேட்பாள்.